பத்து விரலுக்கு இரண்டு பிரிவு

பனியன் கம்பெனிப் பஞ்சு எல்லார் மூக்கிலும்தான் ஏறுகிறது. வேல்விழியின் மூக்கில் மட்டும் அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. செக்கிங் மேசையில் நின்று ஒரு பனியனை உதறினால் போதும், தும்மல் வரிசைகட்டி வரும். தும்மல் ஓய்ந்தால் இளைப்பு. கடைசியில் டாக்டர், "பஞ்சு இல்லாத வேலையாப் பாரும்மா" என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் இருப்பவளிடம் அப்படிச் சொல்வது, மீனைக் கூப்பிட்டு ஈரமில்லாத இடமாகப் பார்த்துக் குடிபோ என்பது மாதிரி.

அவள் புருஷன் இசக்கிமுத்து பனியனுக்கு ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். இருவரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு மெஹ்ஜபின் காங்கேயம் ரோட்டில் ஒரு அழகு நிலையத்தில் நகத்துக்குப் பாலிஷ் போடும் வேலை பார்த்தாள். அவள்தான் வழி சொன்னாள்.

"நகத்துல பஞ்சு கிடையாது வேலு. எங்க ஓனரம்மா தை மாசக் கல்யாணக் கூட்டத்துக்கு இன்னொரு ஆள் தேடறாங்க. ஆனா சர்டிபிகேட் இல்லாம உள்ளயே விடமாட்டாங்க."

அந்தச் சர்டிபிகேட்டைக் கொடுக்கிற இடம் அவினாசி ரோட்டில் இருந்தது. 'கொங்கு மண்டல நக ஒப்பனைத் திறன் மேம்பாட்டு நடுவம்' என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டு முழம் நீளம் என்பதால், மிச்சம் பக்கத்து மருந்துக் கடையின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் 'மேம்பாட்டு நடுவம்' என்று படித்துவிட்டு இருமல் டானிக் கேட்டார்கள்.

கட்டடம் பழனாத்தாள் என்கிற மில்லுக்காரம்மாவின் பழைய குடோன். பெண்பிள்ளைகள் நாலு பேர் பிழைக்கட்டும் என்று வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். நடுவத்துக்கு இயக்குநர் அப்புசாமி. அவருக்குக் கீழே கந்தவேல், சாமியப்பன் என்று இரண்டு பேராசிரியர்கள். நல்ல நகக் கலைஞரை உருவாக்குவது பிறவித் திறமையா, கடின உழைப்பா என்று திறப்பு விழா அன்றே இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அது தீருகிறவரைக்கும் பாடம் நடத்துவது பொறுப்பற்ற செயல் என்று அப்புசாமி கருதினார். குடோனின் குறுக்கே ஒரு திரை தொங்கியது. இந்தப் பக்கம் பிறவித் திறமைப் பிரிவு, கந்தவேல். அந்தப் பக்கம் கடின உழைப்புப் பிரிவு, சாமியப்பன்.

நடுவத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் பட்டிமன்றம் வைத்துத்தான் தீர்ப்பார்கள். பின்பக்கக் குழாய் ஒழுகியபோதுகூட 'ஒழுகுவது குழாயின் இயல்பா, பிளம்பரின் குறையா' என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாக அப்புசாமி தீர்ப்புச் சொன்னார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

சேர்க்கைக்குப் போன வேல்விழியைக் கந்தவேல் உட்காரவைத்துப் புறங்கையை நீட்டச் சொன்னார். அதன்மேல் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்தார். அந்தச் சமயம் பார்த்து வேல்விழிக்குத் தும்மல் வந்தது. தும்மினால் இடம் போய்விடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலைமாதிரி இருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

கந்தவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நடுக்கமே இல்லீங்க அம்மிணி. உங்கம்மாவுக்குக் கோலம் நல்லா வருமுங்களா?"

"இல்ல சார். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குவாக."

"பாத்தீங்களா! பரம்பரையாவே கையில குச்சி. அதுல நுனியில முடி வெச்சா பிரஷ், மருந்து வெச்சாத் தீக்குச்சி. அவ்வளவுதானுங்களே வித்தியாசம்? சின்ன வயசுல நகம் கடிச்சிருக்கீங்களா?"

"கடிச்சு அடி வாங்கியிருக்கேன் சார்."

"ஈர்ப்பு!" என்றார் கந்தவேல். வேல்விழி பிறவித் திறமைப் பிரிவில் சேர்க்கப்பட்டாள்.

அந்தப் பிரிவில் வகுப்பு என்பது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. முன்வரிசையில் நித்தீஷ் என்ற இளைஞன் இருந்தான். அவன்தான் பிரிவின் மணிமகுடம். அவன் விரல்களைப் பார்த்த மாத்திரத்தில் கந்தவேல் கைகூப்பிவிட்டாராம். பாலிஷ் பாட்டில்கள் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் அலமாரிக்குச் சூடம் காட்டினார்கள்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேல்விழி எழுந்து கேட்டாள். "சார், பிரஷ்ஷை எப்ப சார் கையில குடுப்பீக?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கந்தவேல் வருத்தத்தோடு சிரித்தார்.

"குயிலுக்குப் பாட்டு வாத்தியார் உண்டுங்களா அம்மிணி? பழகுனீங்கன்னா, எது உங்க திறமை, எது பழக்கம்னு நாளைக்கு எப்படிங்க பிரிச்சுப் பாக்கறது? பாலோட தண்ணி கலந்தாப்பல ஆயிருமுங்க. இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுல இருந்து நான் ஒரு பாட்டிலைத் தொறக்க விட்டதில்லீங்க. அதனாலதான் எங்க புள்ளைங்க இன்னைக்கு வரைக்கும் ஒரு நகத்துலகூடத் தப்புப் பண்ணுனதில்ல. இந்த ஊர்ல வேற எந்த நிலையமாச்சும் அப்படிச் சொல்ல முடியுமுங்களா?"

முடியாதுதான். வேல்விழி உட்கார்ந்தாள்.

ஆனால் தை மாசம் அவளுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு இசக்கிமுத்து கால் நீட்டிப் படுத்தபோது, மெஹ்ஜபினும் வேல்விழியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏளா, கால்ல என்னமோ குளுகுளுங்குது."

"அசையாதீக. பழகுதேன்."

முதல் முறை போட்டபோது, வண்டிச்சக்கரம் ஏறின கால் மாதிரி இருந்தது. பாலிஷ் நகத்தில் பாதியும் சதையில் பாதியுமாக வழிந்தது. மெஹ்ஜபின் சிரித்து முடித்துவிட்டுத் துடைத்தாள்.

"நகத்தை முழுக்க ரொப்பணும்னு நெனைக்காத வேலு. ஓரத்துல ஒரு முடியளவு விடு. பிரஷ்ல தொங்குற சொட்டை பாட்டில் வாயிலயே வழிச்சுட்டு வா. நடுவுல ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிக்காத."

அதற்கப்புறம் இசக்கிமுத்து உட்கார்ந்தால் கால் அவனுடையதாக இல்லை. பச்சை, ஊதா, மினுக்கு என்று தினம் ஒரு நிறம். கம்பெனியில் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷினை மிதிக்கிறவன். பக்கத்து டெய்லர்கள் கேட்டதற்கு, "சாயப்பட்டறைத் தண்ணியில கால வச்சுட்டேன்" என்றான். ஊரில் ஒருவரும் அதை நம்ப மறுக்கவில்லை. மெள்ள மெள்ள வழிசல் நின்றது. ஒரு நாள் மெஹ்ஜபின் அவன் கட்டைவிரலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கையை நீட்டினாள். "எனக்குப் போடு." வேல்விழிக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாட்டிக்கொண்டதும் அந்தக் காலால்தான். ஒரு நாள் வேல்விழி மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குப்பியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இசக்கிமுத்து அதை எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். மரியாதை தெரிந்தவன், நடுவத்து வாசலில் செருப்பைக் கழற்றினான். கந்தவேல் குனிந்து பார்த்தார். பத்து விரலிலும் ரோஜா நிறம், ஓரம் பிசகாமல்.

"இது யார் போட்டதுங்க?"

"எம் பொண்டாட்டிதான் சார்" என்றான் இசக்கிமுத்து பெருமையாக. "வீட்டுல பழகுதா."

பழகுதா என்ற சொல்லைக் கேட்டதும் கந்தவேல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒழுகும் குழாயிலிருந்து அது உடனே கிடைத்தது. சாயந்திரமே வேல்விழி கடின உழைப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். சாமியப்பன் கழுத்தில் விசில் தொங்கியது. பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் நகத்தில் பாலிஷ் போடுவார்கள், விசில் ஊதியதும் அசிட்டோனால் துடைப்பார்கள், மறுபடி போடுவார்கள். ஒருவரும் ஒரு நகத்தையும் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. எல்லாருக்கும் மூத்தவள் உசிலம்பட்டிக்காரி ஒச்சம்மாள். எப்போது சேர்ந்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

"ஏன்க்கா, துடைக்காம விட்டா என்னவாம்?" என்று வேல்விழி கிசுகிசுத்தாள். ஒச்சம்மாளுக்குக் கேள்வி விளங்கவில்லை.

சாமியப்பனுக்கு விளங்கியது. "முடிச்சுட்டா உழைப்பு நின்னு போயிருமுங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் தேற விட்டதில்ல. தேறிப்போனா அப்பறம் என்னத்துக்குங்க பாடுபடுவாங்க? எங்கிட்டச் சேர்ந்தவங்க யாரும் வெளியில போனதே இல்லீங்க. அந்தளவுக்குப் பிரிவு மேல பாசம்."

வேல்விழியும் ஒரு பிளாஸ்டிக் நகத்தை எடுத்துப் போட்டாள். நடுவில் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. சாமியப்பன் அதை வாங்கிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தார்.

"வேர்வையே காணோமுங்களே?"

"வேர்க்கல சார்."

"சிரமமா இருந்துதுங்களா?"

"முன்ன இருந்துச்சு. இப்ப இல்ல சார்."

"அப்ப இது திறமை!" என்று சாமியப்பன் கத்தினார். "பாடுபடற புள்ளைங்க மத்தியில வந்து திறமையைக் காட்டறதுக்கு உனக்கு எப்படி அம்மிணி மனசு வந்துது?" விசில் ஊதி அவளைக் கந்தவேலிடமே அனுப்பினார். தீட்டுப்பட்ட திறமையை மறுபடி சேர்ப்பதற்கில்லை என்று கந்தவேல் திருப்பி அனுப்பினார். வேல்விழி திரைக்கு அடியில் நின்றாள். மேலே மின்விசிறி சுற்றும்போதெல்லாம் திரை அவள் முகத்தில் அடித்தது. அதுவும் பனியன் துணிதான். தும்மினாள்.

அப்புசாமி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். "சான்றிதழ்ல பிரிவுங்கற இடத்துல ஒண்ணு போட்டாகோணுமுங்க. உங்களுக்கு என்னத்தைப் போடறது? காலியா விட்டா அசிங்கமா இருக்கும். அதுக்காக உங்களை வெளியே போங்கன்னு சொல்ல நான் கல்மனசுக்காரனும் இல்ல. ஆண்டு விழா வருது. கேசரி போடற பொறுப்பை எடுத்துக்கோங்க."

வேல்விழி வீட்டுக்கு வந்து அழுதாள். ஓனரம்மா வேறு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டதாக மெஹ்ஜபின் சொன்னாள். "பேசாம ஊருக்குப் போயிருவமாளா?" என்றான் இசக்கிமுத்து. ஊரில் என்ன இருக்கிறது? தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது. பஞ்சுக்குப் பதில் மருந்து நெடி. விழா அன்று இயக்குநர் காலில் விழுந்தாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் வேல்விழி. போட்டுக் காட்டச் சொன்னால் வேண்டுமே என்று மெஹ்ஜபின் தன் சாமான் பையைக் கொடுத்தாள்.

விழாவுக்குப் பழனாத்தாள் சிறப்பு விருந்தினர். பட்டிமன்றத் தலைப்பு வழக்கமானதுதான், பிறவித் திறமையா, கடின உழைப்பா. நடுவர் அப்புசாமி. பழனாத்தாள் அரக்குப் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். மைக்கைக் கொடுத்ததும் அதிகம் பேசவில்லை.

"இன்னைக்குப் பொழுதோட ஊத்துக்குளில எந்தம்பி மகளுக்கு ரிசப்ஷனுங்க. நகத்துக்குப் பாலிஷ் போடற எடத்துக்குத்தானே போறோம், அங்கயே போட்டுக்கிட்டுப் போயரலாம்னு வெறுங்கையோட வந்துட்டேன். வெசையாப் போட்டு வுடுங்க, நேரமாச்சு."

அவையில் கைதட்டல். மேடையில் கந்தவேலும் சாமியப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அப்புசாமி சமாளித்துக்கொண்டு, இதைவிடச் சிறந்த வாதம் இருக்க முடியாது, அம்மாவின் வலது கை திறமைக்கு, இடது கை உழைப்புக்கு என்று அறிவித்தார்.

நித்தீஷ் வந்தான். கண்ணை மூடி நின்றான். அவன் நிற்கிற அழகைப் பார்த்துப் பலர் செல்போனில் படம் எடுத்தார்கள். அலமாரியிலிருந்து சிவப்புப் பாட்டில் வந்தது. மூடியைத் திருகினான், வரவில்லை. கைக்குட்டை சுற்றித் திருகினான். பல்லால் கடித்தான். வாட்ச்மேன் இடுக்கி கொண்டுவந்து திறந்து கொடுத்தார். உள்ளே பாலிஷ் அச்சு வெல்லம் மாதிரி இறுகிக் கிடந்தது. பிரஷ் அதன் நடுவே நட்ட கம்பாக நின்றது.

"சார், எப்படிப் போடறதுன்னு எனக்கு உள்ளுக்குள்ள தெரியுதுங்க சார்" என்றான் நித்தீஷ், கண்ணில் நீரோடு.

கந்தவேல் மைக்கைப் பிடித்தார். "அவையோர்களே, கவனியுங்கள்! திறமை என்பது உள்ளே இருப்பது. வெளியே வந்துவிட்டால் அது திறமை அல்ல, வெறும் வேலை!"

அடுத்து ஒச்சம்மாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழனாத்தாளின் இடது கையை எடுத்தாள். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல் வரைக்கும் ஒரே ஓட்டம். ஐந்து நகமும் மாதுளை முத்தாக நின்றன. கூட்டம் எழுந்து கைதட்டியது. தட்டிய சத்தம் அடங்குமுன் ஒச்சம்மாளின் கை தானாக நீண்டு, பஞ்சை அசிட்டோனில் நனைத்து, ஐந்தையும் துடைத்துவிட்டது.

"அடடா, இதென்ன கண்ணு?" என்றார் பழனாத்தாள்.

ஒச்சம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள். மறுபடி துடைத்தாள். "கை நிக்க மாட்டேங்குதும்மா" என்று விசும்பினாள். "பார்த்தீர்களா, சலிப்பே இல்லை!" என்று மேடையில் சாமியப்பன் விசில் ஊதினார். ஊதியதால் மூன்றாம் முறையும் துடைத்தாள்.

பழனாத்தாள் கையை உருவிக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க, ஊர் பூராச் சாயப்பட்டறை. பத்து நகத்துக்குச் சாயம் போட ஒரு ஆளில்லீங்களா இந்த ஊருக்குள்ள?"

அந்தக் கேள்வி திறமையைக் குறிக்கிறதா உழைப்பைக் குறிக்கிறதா என்று மேடையில் விவாதம் தொடங்கியது. பழனாத்தாள் கை கழுவப் பின்பக்கம் போனார். அங்கே கேசரி அண்டாவோடு வேல்விழி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். கூப்பிடுவதா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, கையக் காட்டுதீகளா?"

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"பழகிக்கிட்டிருக்கேன்மா."

கவிழ்த்துப் போட்ட பாத்திரத்தின் மேல் பழனாத்தாளை உட்காரவைத்து, மெஹ்ஜபின் பையைத் திறந்தாள். அதுவரைக்கும் இசக்கிமுத்து காலும் மெஹ்ஜபின் கையும்தான் அவளுக்குப் பழக்கம். பெரிய வீட்டம்மா கையைப் பிடித்ததும் பிரஷ் சதையில் இழுத்துவிட்டது. "பதறாத. நானென்ன ஓடியா போறேன்?" என்றார் பழனாத்தாள். துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். பாதியில் தும்மல் வந்து மோதிரவிரல் கெட்டது, அதையும் திரும்பப் போட்டாள். அப்புறம் கை ஒரு நிதானத்துக்கு வந்தது. பத்து விரலும் சேலைக்குத் தோதான அரக்கு நிறத்தில் முடிந்தபோது, வேல்விழி வெகு நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

பழனாத்தாள் மேடைக்குப் போய் விரல்களை விரித்துக் காட்டியதும் கந்தவேல் துள்ளி எழுந்தார். "எங்க பிரிவுப் பொண்ணுங்க! முதல் நாளே கண்டுபிடிச்சேன்!"

"எங்ககிட்ட வந்துதான் பிரஷ்ஷையே தொட்டாளுங்க!" என்றார் சாமியப்பன்.

"அப்படீன்னா எதுக்குங்க ரெண்டு பேரும் அந்தப் புள்ளையைத் தொரத்துனீங்க?" என்றார் பழனாத்தாள்.

இருவரும் அப்புசாமியைப் பார்த்தார்கள். அப்புசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தீர்ப்பு வாசித்தார். "இந்த நடுவத்தில் இருப்பவை இரண்டே பிரிவுகள். இரண்டிலும் சேராத ஒருவர் நகத்துக்குப் பாலிஷ் போடுவது விதிப்படி நடக்கக்கூடிய காரியம் அல்ல. நடக்க முடியாதது நடந்திருக்காது. ஆகவே, அம்மா அவர்களின் நகங்களுக்கு இன்னும் பாலிஷ் போடப்படவில்லை என்று தீர்ப்பளிக்கிறேன். அம்மா பெரியமனசு பண்ணிக் கையை நீட்டினால், இருப்பதைத் துடைத்துத் தீர்ப்புக்கு ஏற்றபடி சரிசெய்துவிடலாம்."

சாமியப்பன் அசிட்டோன் பாட்டிலோடு நெருங்கினார். பழனாத்தாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"கிட்ட வந்தீங்கன்னா நாளைக்கே குடோனைக் காலி பண்ணோணும். அக்கட்டால போங்க!"

அவர் காரில் ஏறியபிறகும் நன்றியுரை நடந்தது.

ஊத்துக்குளி ரிசப்ஷனில் மணப்பெண்ணின் நகையைப் பார்த்த அளவுக்கு அத்தைக்காரியின் நகத்தையும் பார்த்தார்களாம். அடுத்த வாரம் ஒரு வேன் நிறையப் பெண்கள் காங்கேயம் ரோட்டு அழகு நிலையத்தில் வந்து இறங்கி, "கேசரி போட்ட பொண்ணு எங்கீங்க?" என்று கேட்டார்கள். மெஹ்ஜபின் வேலை பார்க்கிற கடையின் பெயரை வேல்விழிதான் பாலிஷ் போடும்போது பழனாத்தாளிடம் சொல்லியிருந்தாள். ஓனரம்மா அப்போதே லைன் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பினார். சர்டிபிகேட் பேச்சை எடுக்கவில்லை. வேன் வாசலில் நிற்கும்போது யாரும் எடுக்கமாட்டார்கள். கொஞ்ச நாளில் ஒச்சம்மாளும் வந்து சேர்ந்தாள். பழைய பாலிஷைத் துடைக்கிற வேலை அவளுக்கு. அவ்வளவு சுத்தமாகத் துடைக்கிற ஆள் ஜில்லாவிலேயே கிடையாது.

நடுவம் மூடப்படவில்லை. அங்கே மூன்றாவதாக ஒரு பிரிவு தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு பிரிவிலும் தேறாதவர்கள்தான் அதற்குத் தகுதியானவர்கள். கூட்டம் அலைமோதுகிறது என்று கேள்வி.

ஒரு முற்பகலில் அப்புசாமி கடைக்கு வந்தார். கூடவே கல்யாணம் நிச்சயமான அவர் மகள்.

"ஏங்க சார், உங்க நடுவத்துலயே போட்டிருக்கலாமே?" என்று மெஹ்ஜபின் முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது பயிற்சி நிலையமுங்க" என்றார் அப்புசாமி. "கல்யாண காரியத்துல வெளையாட முடியுமுங்களா?"

வேல்விழி அந்தப் பெண்ணின் கையை மெத்தைமேல் வைத்து அரத்தால் நகத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். அப்புசாமி சற்று நேரம் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, மனசு விட்டு ஒண்ணு சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். இது உனக்குத் திறமையில வந்துதா, உழைப்புல வந்துதா?"

மகளும் ஆர்வமாகத் திரும்பினாள்.

"கைய ஆட்டாத பாப்பா" என்றாள் வேல்விழி.